முற்றும் போட்ட கதையை மீண்டும் தொடர்வது எப்படி? எக்ஸ்-மென் '97 வழியாக ஓர் எளிய விளக்கம்

1997 செப்டம்பர் 20, சனிக்கிழமை. அமெரிக்காவில் ஃபாக்ஸ் கிட்ஸ் என்ற சிறுவர் நிகழ்ச்சி வரிசையில் ஒரு கார்ட்டூன் தொடரின் கடைசிப் பகுதி ஓடுகிறது. வழுக்கைத் தலைப் பேராசிரியர் ஒருவர் படுக்கையில் சாகக் கிடக்கிறார். சுற்றி நிற்கும் மாணவர்களிடம் ஆளுக்கு இரண்டு வார்த்தை பேசி விடைபெறுகிறார். அப்புறம் வேற்றுலக அரசி ஒருத்தி வந்து, இவரைப் பிழைக்க வைக்கும் மருத்துவம் தன் உலகத்தில்தான் இருக்கிறது என்று அழைத்துப் போகிறாள். 1992இல் தொடங்கிய எக்ஸ்-மென் தொடர்: ஐந்து சீசன், 76 பகுதிகள், முற்றும்.

2024 மார்ச் 20. டிஸ்னி பிளஸ்ஸில் எக்ஸ்-மென் '97 என்ற புதிய தொடர். அதே முகப்பு இசை, அதே மஞ்சளும் நீலமுமான உடைகள், நாயகர்களில் ஒருவனான வுல்வரினின் அதே கரகரத்த குரல். பேராசிரியர் இல்லாமல் மாணவர்கள் தடுமாறிக்கொண்டிருக்கிறார்கள். நம் நாட்காட்டியில் இருபத்தாறரை வருடம் போய்விட்டது. கதைக்குள் போயிருப்பது சுமார் ஒரு வருடம்தான்.

இதற்குப் பெயர்தான் தொடர்ச்சித் தொடர். பழைய தொடர் ஒன்று நின்ற இடத்திலிருந்து, அதில் நடந்ததையெல்லாம் நடந்ததாகவே ஏற்றுக்கொண்டு கதையை மேலே கொண்டுபோவது. சொல்ல எளிது. செய்வது ஏன் கஷ்டம், எக்ஸ்-மென் '97 அதை எப்படிச் செய்தது என்று பார்க்கலாம். ஒரு முன்னெச்சரிக்கை: முக்கியமான திருப்பங்களை உடைக்காமல் இதை விளக்க வழியில்லை. பார்த்துவிட்டுப் படிப்பதானால் இங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள்.

முதலில், குழப்பிக்கொள்ளும் இரண்டு விஷயங்களைப் பிரித்துவிடுவோம். ஒரே இராமாயணத்தை இந்த வருடம் ஒரு நாடகக் குழு போடுகிறது, அடுத்த வருடம் இன்னொரு குழு போடுகிறது. இரண்டாவது குழு முதல் குழுவின் மேடையில் என்ன நடந்தது என்று கவலைப்பட வேண்டியதில்லை. ராமர் பிறப்பதிலிருந்து ஆரம்பிக்கலாம். ஆங்கிலத்தில் ரீபூட் என்கிறார்கள். எக்ஸ்-மென்னுக்கே அப்படி நடந்திருக்கிறது. 2000இல் வந்த எக்ஸ்-மென்: எவல்யூஷன் அதே ஆட்களைப் பள்ளிக்கூடப் பிள்ளைகளாக்கிப் புதிதாகத் தொடங்கியது. 2009இல் அமெரிக்காவில் ஒளிபரப்பான வுல்வரின் அண்ட் தி எக்ஸ்-மென் அதற்கும் சம்பந்தமில்லாத இன்னொரு தொடக்கம். இரண்டிலும் 1992 தொடரின் கதை செல்லாது.

தொடர்ச்சி என்பது வார இதழ்த் தொடர்கதை மாதிரி. போன வாரம் கிணற்றில் விழுந்தவன் இந்த வாரமும் கிணற்றில்தான் இருக்க வேண்டும். ஒரு வாரத்துக்குப் பதில் 27 வருடம் கழித்து அடுத்த இதழ் வருகிறது என்பதுதான் வித்தியாசம். பழைய தொடரின் பல பகுதிகள் முன்கதைச் சுருக்கத்தோடுதான் ஆரம்பிக்கும். புதிய தொடரும் அந்த வழக்கத்தை விடவில்லை.

எக்ஸ்-மென் யார் என்று தெரியாதவர்களுக்கு நாலு வரி. 1963இல் ஸ்டான் லீயும் ஜாக் கிர்பியும் மார்வெல் காமிக்ஸில் உருவாக்கியவர்கள். மற்ற சூப்பர்ஹீரோக்களுக்குச் சிலந்தி கடித்தோ, ஆய்வகத்தில் விபத்து நடந்தோ சக்தி வரும். இவர்கள் பிறவியிலேயே அப்படி. மியூட்டன்ட் என்று பெயர். பெரும்பாலும் பதின்ம வயதில் சக்தி வெளிப்படும், அன்றிலிருந்து ஊரே வெறுக்கும். சேவியர் என்ற பேராசிரியர் இப்படிப்பட்ட பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டு பள்ளி நடத்துகிறார். மனிதர்களோடு சேர்ந்து வாழலாம் என்பது அவர் கட்சி. அவருடைய பழைய நண்பர் மேக்னீட்டோ, யூத இன அழிப்பைக் கண்ணால் பார்த்துப் பிழைத்தவர். மனிதர்களை நம்பிக் கெட்டது போதும் என்பது அவர் கட்சி. நடுவில் சென்டினல்கள்: மியூட்டன்ட்களை வேட்டையாட மனிதர்கள் செய்த ராட்சத ரோபோக்கள். இவ்வளவு தெரிந்தால் போதும்.

பழைய தொடர் ஏன் இத்தனை பேர் மனதில் நின்றது

1989இல் எக்ஸ்-மென்னை டிவிக்குக் கொண்டுவர ஒரு முன்னோட்டப் பகுதி எடுத்தார்கள். கனடாக்காரனான வுல்வரின் அதில் ஆஸ்திரேலிய உச்சரிப்பில் பேசுவான். தொடராக வளரவில்லை. பிறகு ஃபாக்ஸ் கிட்ஸின் தலைவராக வந்த மார்கரெட் லோஷ் பிடிவாதமாக இருந்ததால் 1992 அக்டோபர் 31 அன்று முதல் பகுதி முன்னோட்டமாக ஒளிபரப்பானது. எரிக் லெவால்ட் எழுத்தாளர்களை வழிநடத்தினார். லாரி ஹூஸ்டன் காட்சிகளை. காமிக்ஸில் அப்போது ஜிம் லீ வரைந்திருந்த உடைகளையே எடுத்துக்கொண்டார்கள்.

சனிக்கிழமை காலைக் கார்ட்டூன் என்றால் அன்று ஒரு வரையறை உண்டு. இரத்தம் காட்டக் கூடாது. வுல்வரினின் கையிலிருந்து ஆறு கத்திகள் நீளும், ஆனால் அவை பெரும்பாலும் இயந்திரங்களைத்தான் கிழிக்கும். அரை மணி நேரத்தில் பிரச்சினை தீர்ந்து, அடுத்த வாரம் எல்லாரும் பழையபடி நிற்பார்கள். இந்தத் தொடர் அந்த வழக்கத்தை முதல் கதையிலேயே மீறியது. மார்ஃப் என்று ஒரு கலகலப்பான பாத்திரம், யார் உருவத்தையும் எடுக்கக்கூடியவன். இரண்டாம் பகுதியிலேயே சென்டினல்கள் அவனைக் கொன்றுவிடுகின்றன. குழந்தைகள் நிகழ்ச்சியில் நாயகர் அணியில் ஒருவன் செத்துப்போவது அன்று சாதாரணமில்லை. ரசிகர்கள் விடவில்லை, இரண்டாம் சீசனில் மார்ஃப் உயிரோடு வந்தான் என்பது வேறு கதை. வந்தவனும் பழைய மார்ஃபாக வரவில்லை. மனம் சிதைந்து, தன்னை விட்டுவிட்டுப் போன நண்பர்கள்மீது வஞ்சம் வைத்துக்கொண்டு வந்தான்.

இதைத்தான் கவனிக்க வேண்டும். இந்தத் தொடரில் நடந்த விஷயங்களுக்குப் பின்விளைவு இருந்தது. அதனால்தான் 27 வருடம் கழித்தும் தொடர்வதற்கு அதில் கதை மிச்சம் இருந்தது. ஒவ்வொரு வாரமும் எல்லாம் அழிந்து புதிதாகும் கார்ட்டூனை நீங்கள் எங்கிருந்து தொடர்வீர்கள்?

முடிவும் அவ்வளவு சீராக வரவில்லை. முதலில் திட்டமிட்டது 65 பகுதிகள். வாரம் ஐந்து நாள், பதின்மூன்று வாரம் ஓட்டுவதற்கு அமெரிக்க டிவிக்காரர்கள் வைத்திருந்த கணக்கு அது. பிறகு இன்னும் கொஞ்சம் கேட்டார்கள். கடைசி ஆறு பகுதிகள் வேறொரு ஸ்டுடியோவுக்குப் போக, படத்தின் சாயலே மாறிப்போனது. முகங்களைப் பார்த்தால் சித்தப்பா பிள்ளைகள் வந்து நடிப்பது மாதிரி இருக்கும். பேராசிரியர் விடைபெறும் அந்த அழகான காட்சியும் இந்தக் கூட்டத்தில்தான் வருகிறது. படம் சுமார், எழுத்து அருமை.

நடுவில் என்ன ஆயிற்று

ஒரு தொடரைத் தொடர ஆசை மட்டும் போதாது, பத்திரம் வேண்டும். பாத்திரங்கள் மார்வெலுடையவை. தொடரைத் தயாரித்து ஒளிபரப்பியதில் சபான் நிறுவனத்துக்கும் ஃபாக்ஸ் கிட்ஸுக்கும் பங்கு. 2001இல் டிஸ்னி, ஃபாக்ஸ் ஃபேமிலி வேர்ல்ட்வைடை வாங்கியபோது இந்தக் கார்ட்டூன்கள் அதனிடம் வந்தன. 2009இல் மார்வெலையே வாங்குவதாக அறிவித்தது. ஆனால் எக்ஸ்-மென் திரைப்படங்கள் அப்போதும் ட்வென்டியத் செஞ்சுரி ஃபாக்ஸ் கையில் இருந்தன. 2019 மார்ச்சில் அதையும் டிஸ்னி விழுங்கியது. தாத்தா சொத்து மூன்று பங்காளிகளிடம் பிரிந்து கிடந்து, கடைசியில் ஒரே பேரன் எல்லாவற்றையும் விலைக்கு வாங்கின கதைதான்.

2019 நவம்பர் 12 அன்று டிஸ்னி பிளஸ் தொடங்கியபோது பழைய தொடரும் அதில் இருந்தது. சரியாக இரண்டு வருடம் கழித்து, 2021 நவம்பர் 12 அன்று, எக்ஸ்-மென் '97 அறிவிப்பு வந்தது. லெவால்ட் தம்பதியையும் லாரி ஹூஸ்டனையும் ஆலோசகர்களாகச் சேர்த்துக்கொண்டார்கள். தலைமை எழுத்தாளர் பியூ டிமேயோ. முதல் பகுதி வெளிவரச் சில நாட்களே இருந்தபோது அவர் விலக்கப்பட்டதும் செய்தியானது.

குரல்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். நம்மூர் சீரியலில் திடீரென்று 'இவருக்குப் பதில் இவர்' என்று ஒரு அட்டை காட்டுவார்களே, அந்த வசதி கார்ட்டூனில் இன்னும் சுலபம், முகம் மாறாது. ஆனால் பழைய ரசிகனின் காதை ஏமாற்றுவது அவ்வளவு எளிதில்லை. பழைய தொடரின் குரல்கள் கனடாவின் டொராண்டோவில் பதிவானவை. எக்ஸ்-மென் அணியில் வுல்வரினுக்குக் கால் டாட், ரோகுக்கு லெனோர் ஜான், ஸ்டார்முக்கு அலிசன் சீலி-ஸ்மித், பீஸ்டுக்கு ஜார்ஜ் புசா. நால்வரும் திரும்பி வந்தார்கள். லெனோர் ஜான் இடையில் அரசியலுக்குப் போய்க் கனடா நாடாளுமன்ற உறுப்பினராகவே இருந்துவிட்டு வந்தவர். அதே அணியின் சைக்ளாப்ஸுக்குப் பேசிய நார்ம் ஸ்பென்சர் 2020இல் காலமாகிவிட்டார். அந்த இடத்துக்கு ரே சேஸ் வந்தார். கேம்பிட்டுக்குப் பேசிய கிறிஸ் பாட்டர் இப்போது கேபிள் என்ற இன்னொரு பாத்திரத்துக்குப் பேசுகிறார். குரலில் ஏறியிருக்கும் வயது உற்றுக் கேட்டால் தெரியும். கதையில் ஒரு வருடம்தானே ஆகிறது என்று கேட்டால், போகட்டும், எனக்கு அது குறையாகத் தெரியவில்லை.

படம் விஷயத்தில் ஒரு சின்ன ஏமாற்று இருக்கிறது, நல்ல ஏமாற்று. பழைய தொடரை இன்று எடுத்துப் பாருங்கள். அசைவுகள் வெட்டி வெட்டி வரும். சில இடங்களில் நிறம் தப்பியிருக்கும். தென்கொரியாவின் அகோம் ஸ்டுடியோ அவசர அவசரமாக வரைந்தது. புதியதையும் பெரும்பாலும் தென்கொரியாதான் வரைந்தது, ஸ்டுடியோ மிர். ஆனால் பழையதை அப்படியே நகலெடுக்கவில்லை. அந்தத் தட்டையான நிறங்களையும் கனத்த கறுப்பு நிழல்களையும் வைத்துக்கொண்டு அசைவை மட்டும் பல மடங்கு கூர்மையாக்கினார்கள். முதல் பகுதியில் சைக்ளாப்ஸ் வானத்திலிருந்து விழும்போது கண்ணிலிருந்து பாயும் கதிரைத் தரையை நோக்கிப் பாய்ச்சித் தன் வேகத்தை மட்டுப்படுத்திக்கொள்வான். பழைய தொடரின் பட்ஜெட்டில் அந்தக் காட்சி நடந்திருக்காது. ஆனால் பத்து வயதில் அதைப் பார்த்தவனின் மனதில் சைக்ளாப்ஸ் அப்படித்தான் சண்டை போட்டிருப்பான்.

பழைய கணக்கு

என்னைக் கேட்டால் இவையெல்லாம் மேல்பூச்சு. தொடர்ச்சித் தொடரின் உண்மையான சோதனை வேறு: பழைய தொடர் திறந்து வைத்துவிட்டுப் போன கணக்குகளை இது தீர்க்கிறதா?

முதல் பகுதி முடியும்போது மேக்னீட்டோ பள்ளிக்கு வருகிறார். கையில் சேவியரின் உயில். பள்ளி, கனவு, மாணவர்கள் எல்லாம் இனி இவர் பொறுப்பு என்று அதில் இருக்கிறது. ஐந்து சீசன் எதிர்த்துச் சண்டை போட்ட ஆள் தலைமையாசிரியர்! புதிதாகப் பார்ப்பவருக்கு இது அதிர்ச்சி, அவ்வளவுதான். 1997 கடைசிப் பகுதியைப் பார்த்தவருக்கு இன்னொன்றும் தெரியும். அன்று போருக்குத் தயாராக நின்ற மேக்னீட்டோ, எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு நண்பனின் படுக்கைக்கு ஓடி வந்தார். அந்த வேற்றுலக அரசிக்குச் செய்தி போய்ச் சேர்ந்ததே இவர் சக்தியின் துணையால்தான். உயில் அந்தக் காட்சியின் மறுபாதி. அதோடு, உலகமே சேவியர் செத்துவிட்டார் என்று நம்பும்போது, பழைய ரசிகருக்கு மட்டும் அவர் எங்கே போனார் என்று தெரியும். ஆறாம் பகுதியில் சேவியரை வேற்றுலகில் காட்டும்போது ஒருவர் திடுக்கிடுவார், இன்னொருவர் 'எனக்கு அப்பவே தெரியும்' என்பார்.

இன்னும் கிட்டப் போய்ப் பார்க்க ஐந்தாம் பகுதியை எடுத்துக்கொள்வோம். பெயர் 'ரிமெம்பர் இட்', நினைவில் வைத்துக்கொள் என்று அர்த்தம்.

இடம் ஜெனோஷா என்ற கற்பனைத் தீவு. 1993இல், பழைய தொடரின் முதல் சீசனிலேயே இது வந்தது. மியூட்டன்ட்களை அன்பாக வரவேற்கும் நாடு என்று விளம்பரம் செய்வார்கள். நம்பிப் போனவர்களின் கழுத்தில் சக்தியை முடக்கும் பட்டையை மாட்டி, அணை கட்டும் அடிமைகளாக்கிவிடுவார்கள். அப்படிப் போய் மாட்டிக்கொண்டவர்களில் ஒருவன் கேம்பிட். சீட்டுக் கட்டோடு திரியும் லூசியானாக்காரன், தொட்ட பொருளை வெடிக்கச் செய்பவன், பழைய திருடன். 1997 முடிவில் அதே ஜெனோஷா, மேக்னீட்டோ திரட்டிய மியூட்டன்ட்களின் நாடாகிவிட்டது. '97இல் ஐக்கிய நாடுகள் சபை அதை அங்கீகரிக்கிறது. அடிமைத் தீவு இப்போது கொடியேற்றிய நாடு. மேக்னீட்டோவும் ரோகும் கேம்பிட்டும் கொண்டாட்டத்துக்குப் போகிறார்கள்.

ரோகின் சாபம் தெரியுமல்லவா? அவள் தோல் யார்மீது பட்டாலும் அவர்களின் உயிர்ச்சக்தியை உறிஞ்சிவிடும். ஐந்து சீசன் முழுக்கக் கேம்பிட் அவளைச் சுற்றிச் சுற்றி வந்தான், ஒரு முத்தம்கூட ஒழுங்காகக் கொடுக்க முடியாமல். மேக்னீட்டோவால் அவளை ஆபத்தில்லாமல் தொட முடியும். ஜெனோஷாவின் விருந்து இரவில் ரோக் கேம்பிட்டிடம் இதைச் சொல்லி விலகிவிடுகிறாள். பிறகு மேக்னீட்டோவோடு நடனமாடுகிறாள். கேம்பிட் பார்த்துக்கொண்டு நிற்கிறான்.

அப்போதுதான் மூன்று தலை கொண்ட ராட்சத சென்டினல் வருகிறது. அடுத்த சில நிமிடங்கள் குழந்தைகள் கார்ட்டூன் இல்லை. கட்டடங்கள் சரிகின்றன, கொண்டாடிக்கொண்டிருந்த கூட்டம் எரிந்துபோகிறது. பழைய தொடரின் சாக்கடைச் சுரங்கங்களில் நாம் பார்த்துப் பழகிய மார்லாக் என்ற மியூட்டன்ட் கூட்டமும் அதில் உண்டு. மேக்னீட்டோ ஒரு சிறுவனை அணைத்துக்கொண்டு ஒளியில் மறைகிறார். சென்டினலின் ஆயுதம் கேம்பிட்டின் உடம்பில் பாய்கிறது. தன்னைக் குத்திய அதே உலோகத்தைப் பிடித்து, தன் சக்தி முழுவதையும் அதற்குள் செலுத்தி, இயந்திரத்தோடு வெடித்துப்போகிறான். கடைசியில் ரோக் அவன் உடலை மடியில் கிடத்திக்கொண்டு, உன்னை உணர முடியவில்லையே என்கிறாள். தொட்டால் உறிஞ்சுவதற்கு அவனிடம் ஒன்றும் மிச்சமில்லை. முதல்முறையாக ஆபத்தில்லாமல் தொட முடிகிறது.

இந்தக் கதை காமிக்ஸில் 2001இலேயே வந்துவிட்டது. அதில் ஜெனோஷாவில் சாகும் மியூட்டன்ட்கள் 1 கோடியே 60 லட்சம். படிக்கும்போது அது பெரிய எண். கார்ட்டூனில் வலிப்பது எண்ணால் அல்ல. செத்த மார்ஃப்கூடத் திரும்பி வந்தான்; கடைசியில் யாரும் ஒரேயடியாகப் போய்விடமாட்டார்கள் என்று பழைய தொடர் உங்களைப் பல வருடம் பழக்கியிருக்கிறது. அந்தச் சனிக்கிழமை காலை நம்பிக்கையைத்தான் இந்தப் பகுதி உடைக்கிறது. ரீபூட்டில் இதே காட்சியை இதைவிட நன்றாக வரைந்திருந்தாலும், ஐந்தே பகுதி பழகிய கேம்பிட்டுக்காக யார் இவ்வளவு அழுவார்கள்? 2024 எம்மி விருதுக்குச் சிறந்த அனிமேஷன் நிகழ்ச்சிப் பிரிவில் இந்தத் தொடர் பரிந்துரைக்கப்பட்டது, இந்தப் பகுதிக்காகத்தான்.

எல்லாமே இப்படி அமைந்துவிடவில்லை. மூன்றாம் பகுதியில், அணியில் ஒருத்தியான ஜீன் கிரேயின் நகலாக உருவாக்கப்பட்ட மேடலின் பிரையரின் கதை வருகிறது. காமிக்ஸில் 1983இல் அறிமுகமாகி 1989 வரை இழுத்த கதை. இங்கே அரை மணி நேரத்துக்குள் நகல் என்று தெரிந்து, வில்லியாகி, திருந்தி, கைக்குழந்தையை எதிர்காலத்துக்கு அனுப்பி முடித்துவிடுகிறார்கள். மூச்சு வாங்குகிறது. அந்தக் குழந்தைதான் வளர்ந்து, பழைய தொடரில் எதிர்காலத்திலிருந்து வந்த கேபிள் ஆகிறான் என்பது மட்டும் நல்ல முடிச்சு. நான்காம் பகுதியில் அணியைச் சேர்ந்த ஜூபிலி வீடியோ கேமுக்குள் மாட்டிக்கொள்ளும் பாதி எனக்கு வெறும் இடைவேளை மாதிரிதான் இருந்தது.

புதிதாகத் தொடங்குபவர் 76 பகுதியும் பார்த்தாக வேண்டுமா? வேண்டாம். முதல் கதையான 'நைட் ஆஃப் தி சென்டினல்ஸ்' இரண்டு பகுதிகள், ஜெனோஷா வரும் 'ஸ்லேவ் ஐலண்ட்', மார்ஃப் திரும்பும் 'டில் டெத் டூ அஸ் பார்ட்', கேபிளுக்காக 'டைம் ஃப்யூஜிடிவ்ஸ்', கடைசியாக 'கிராஜுவேஷன் டே'. நேரம் இருந்தால் ஐந்து பகுதிகள் கொண்ட 'ஃபீனிக்ஸ் சாகா'. ஒரு ஞாயிற்றுக்கிழமையில் முடித்துவிடலாம். பத்து பகுதிகள் கொண்ட '97 அதன் பிறகு வேறு மாதிரி தெரியும்.

இரண்டாம் சீசனுக்கான வேலை, முதல் சீசன் வெளிவரும் முன்பே தொடங்கிவிட்டது. அதனால் 2024 மே 15 அன்று வந்த பத்தாம் பகுதி எதையும் மூடி வைக்காமல் முடிகிறது. அணி காலத்துக்குள் சிதறிவிடுகிறது. சிலர் பண்டைய எகிப்தில், சைக்ளாப்ஸும் ஜீனும் தொலைதூர எதிர்காலத்தில். பெயர்ப் பட்டியல் ஓடும்போது எழுந்து போய்விடாதீர்கள். நடுவே ஒரு சின்னக் காட்சி உண்டு. ஜெனோஷாவின் இடிபாடுகளில், பழைய தொடரின் மிகப் பெரிய வில்லனான அபோகலிப்ஸ் நிற்கிறான். நான்கு குதிரைவீரர்களை அடிமையாக வைத்துக்கொள்வது அவன் பழைய வழக்கம், அதில் ஒருவனுக்கு மரணம் என்று பெயர். குனிந்து சாம்பலிலிருந்து எதையோ எடுக்கிறான். பாதி கருகிய ஒரு சீட்டு. கேம்பிட்டுடையது.